பொன்னுரங்கத்தின் காதுமுடியில் கட்டிய கூடு

1

கல்வராயன் மலைக் குருவி ஒன்று, மாசி மாதத்து விடியற்காலையில் நூறு மைல் பறந்து வந்து, வடக்கனந்தலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த பொன்னுரங்கத்தின் இடது காதில் உட்கார்ந்து, அங்கே விளைந்திருந்த முடியையெல்லாம் அறுவடை செய்துகொண்டு போய்க் கூடு கட்டியது. அந்தக் கூட்டில் ஏழு குஞ்சு பொரித்தது. ஏழும் பொன்னுரங்கத்தின் ஜாடையில் இருந்தன.

இது இந்தக் கதையின் முதல் பத்தி. பல தடவை எழுதிப் பார்த்ததில் இதுதான் அடக்கமான வடிவம். மற்றவற்றில் குருவி இரண்டு காதிலும் உட்கார்ந்தது.

கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மற்றவர்களுக்கு நெஞ்சில் பிறக்கிறது, நினைவில் பிறக்கிறது என்கிறார்கள். எனக்குக் காதில் பிறந்தது. சுருக்கென்று பிறந்தது.

முதலில் 'நான்' என்று வைத்துத்தான் எழுதினேன். என் மனைவி மணிமொழி இரண்டு பக்கம் படித்துவிட்டுத் தாளை மடியில் வைத்தாள். "நான்னு போட்டா ஒங்கள எவன் நம்புவான்? அவர்னு போடுங்க. யாரோ எவரோன்னு நெனச்சிக்கினு கொஞ்சமாச்சும் படிப்பாங்க" என்றாள்.

நல்ல யோசனை. ஆகவே இனி அவர் பொன்னுரங்கம். அவருக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே பெண்ணைக் கட்டியிருக்கிறோம், ஒரே மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறோம். அவ்வளவுதான்.

2

தொடக்கம் அமைவதுதான் கஷ்டம். இப்படி ஆரம்பித்துப் பார்த்தேன்:

'மாசி மாதத்து இளங்காலை. கிழக்கே செவ்வானம். கரும்புத் தோட்டங்களின் மேல் பனி ஒரு மெல்லிய'

(மெல்லிய என்ன? போர்வை என்று கை எழுதப் போயிற்று. பனி என்றாலே எல்லோரும் போர்வையைத்தான் இழுக்கிறார்கள். அப்படியே விட்டுவிட்டேன். வாக்கியம் அங்கேயே குளிரில் கிடக்கட்டும்.)

பிறகு இப்படி:

'பொன்னுரங்கம் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். ஒரு கூவாகம் திருவிழா அன்று அவருடைய பேருந்தில் நானூறு பேர்'

(சரி, இருநூறு. அதற்குக் கீழே ஓர் ஆளைக்கூட இறக்கமாட்டேன்.)

மூன்றாவது தொடக்கத்தில் பொய் கம்மி. அதையே வைத்துக்கொள்ளலாம். பொன்னுரங்கம் கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர் போகும் மலைப் பேருந்தில் கண்டக்டர். ஒரு விசில் ஊதினால் வண்டி நிற்கும். இரண்டு ஊதினால் கிளம்பும். வளைவில் நின்றாலும், மழையில் நின்றாலும், அவர் ஊதாமல் டிரைவர் கியரைத் தொடமாட்டார். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் அவர் கவனித்தார்: உலகத்தில் இனி எதுவும் அவர் சொல்லி நிற்கப்போவதில்லை. வீட்டில் மிக்சிகூட நிற்கவில்லை.

அப்போதுதான் சங்கராபுரத்தில் அறிவியல் ஆசிரியையாக இருக்கும் கண்ணகி டீச்சர் ஞாயிற்றுக்கிழமை பறவை நடையை ஆரம்பித்தார். வாரா வாரம் ஏரிக்கரை, வருஷத்துக்கு ஒரு தடவை மாசிக் கடைசியில் கரியாலூர் மலை. பதினைந்து பேர் ஒற்றை வரிசையில் நடப்பார்கள். முன்னால் நடப்பவர் கையைத் தூக்கினால் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் அப்படியே நிற்க வேண்டும். பேச்சு நிற்கும். செருப்புச் சத்தம் நிற்கும். தும்மல் வந்தவர்கூட மூக்கைப் பிடித்துக்கொள்வார்.

முதல் வாரத்திலேயே பொன்னுரங்கம் முன்னால் போய் நின்றுகொண்டார். அவருக்குக் கண் நல்ல கண். அந்தக் கை மேலே போகும்போது அவர் முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்குப் புரியும். பின்னால் நடந்த யாராலும் அதைப் பார்க்க முடியாது என்பதுதான் இதில் ஒரு குறை.

3

இப்போது நடந்ததை நடந்தபடி.

வீட்டுப் பின்புறம் துணி துவைக்கும் கல்லில் பொன்னுரங்கம் உட்கார்ந்திருந்தார். முருங்கை பூத்து வெள்ளையாக நின்றது. பூவுக்குப் பூ தேன்சிட்டு. மதில்மேல் ஒரு செம்போத்து, வரி வசூலிக்க வந்ததைப்போல மெதுவாக நடந்துபோயிற்று. தவிட்டுக்குருவிகள் வேலியடியில் இலையைப் புரட்டிப்போட்டுச் சண்டை போட்டன. மாசி பிறந்தால் எல்லாவற்றுக்கும் கூடு கட்டும் வேலை வந்துவிடும். வாயில் நாரில்லாத பறவையைப் பார்க்க முடியாது.

பொன்னுரங்கத்தின் காதுமுடியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வெள்ளை வெளேரென்று, மெத்தென்று, காதுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் முடி. சலூனில் ஒவ்வொரு தடவையும் "அத்தக் கொஞ்சம் எடுத்துடட்டுமா?" என்று கேட்பார்கள். "கைய வெச்சா தெரியும் சேதி" என்பார்.

தோளில் ஏதோ இறங்கியது. காகிதம் விழுந்த கனம். கடைக்கண்ணால் பார்த்தார். பட்டாணிக்குருவி.* அதுவும் அவரை ஒரு கண்ணால் பார்த்தது. ஒரு தாவல். காதில் சுருக். மறுபடியும் சுருக். பிறகு தோள் காலியாகிவிட்டது. அலகில் வெள்ளையாக எதையோ கவ்வியபடி அது மலைப்பக்கம் போனது.

எத்தனை முடி என்று கேட்காதீர்கள். ஒன்றுக்கு மேல். நூறுக்குக் கீழ்.

* பட்டாணிக்குருவி: சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் சின்னது. கருப்புத் தலை, வெள்ளைக் கன்னம், சாம்பல் முதுகு. நெஞ்சிலிருந்து வயிறு வரை ஒரு கருப்புப் பட்டை, டை கட்டிய வங்கி மேனேஜரைப்போல. மரப்பொந்தில் கூடு கட்டி உள்ளே மெத்தென்று முடியைப் பரப்பும். எங்கள் பக்கத்தில் இது மலைக்காரன். வடக்கனந்தலுக்கு இறங்கி நான் பார்த்ததில்லை. நான் என்றா எழுதினேன்? பொன்னுரங்கம் பார்த்ததில்லை.

4

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை டீக்கடையில் பொன்னுரங்கம் இதை அறிவித்தார். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

வங்கியில் வேலை பார்க்கும் செழியன்தான் முதலில் வாயைத் திறந்தான். "எந்த சலூன்ணே அது? ஞாயித்துக்கெழம தொறந்திருக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மணிமொழியின் தம்பி அரங்கநாதன். அவர் சந்தேகப்படும்போது சிரிக்கமாட்டார்.

"மாமா, போன மாசம் ஒங்க வூட்டுக் கெணத்துல நாரை டைவ் அடிச்சிதுன்னீங்க" என்றார்.

"அடிச்சிது."

"பொங்கலப்போ கழுகு வந்து ஒங்கள மொறச்சிது."

"அது கழுகு இல்ல மச்சான், பருந்து. தப்பா சொல்லாத."

"நீங்க ஒரு டம்ளர் பால் குடுத்தா அதுல முக்கா டம்ளர் தண்ணி. இதுல எவ்ளோ?"

"சொட்டுத் தண்ணி இல்ல. கறந்த பால்."

கண்ணகி டீச்சர் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார். அவர் கோபப்படுபவர் இல்லை. அதனால்தான் பொன்னுரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. புதுசா வர்றவங்க நம்ம எல்லாரையும் சேத்து சிரிக்கிறாங்க. ஒங்க குரூப்புல குருவிங்க பேசுமாமேன்னு எங்க ஸ்டாஃப் ரூம்லயே கேக்கறாங்க. இனிமே ரெண்டு ஜோடி கண்ணு பாத்தாத்தான் அது பாத்ததுன்னு வெச்சிக்கலாம்."

"என் கண்ணு ஒண்ணே ரெண்டுக்குச் சமம் டீச்சர்."

"இந்தக் காது விஷயத்த இன்னொருத்தர் பாக்கறவரைக்கும் நீங்க வரிசைல கடைசியா வாங்கண்ணே. முன்னால செழியன் நடக்கட்டும். கரியாலூர் போய்ட்டு வந்தப்புறம் அடுத்த ஞாயித்துக்கெழம முடிவு பண்ணிடலாம்."

(இந்த இடத்தில் பொன்னுரங்கம் ஆவேசமாக எழுந்து ஒரு சொற்பொழிவு ஆற்றுவதாக ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். உண்மையில் அவர் "சரி டீச்சர்" என்றார். டீயைக் குடிக்கவில்லை.)

5

அரங்கநாதனை வில்லனாக்கத்தான் பேனாவை எடுத்தேன். மீசையைப் பெரிதாக்கினேன். குரலைக் கரகரப்பாக்கினேன். 'அவருடைய கண்களில் வஞ்சகம்' என்று எழுதி, அந்தக் கண்களை நினைத்துப் பார்த்தேன். வஞ்சகம் இல்லை. கண்புரை அறுவைக்குப் பிறகு போட்டுக்கொண்ட கருப்புக் கண்ணாடிதான் இருந்தது.

அவர் பால் சொசைட்டியில் வேலை பார்த்தவர். பாலில் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சொல்லும் வேலை. சொந்தச் சித்தப்பா கொண்டுவந்த பாலையே திருப்பி அனுப்பியவர். யார் என்ன சொன்னாலும் மனதுக்குள் அந்தக் குழாயை இறக்கிப் பார்ப்பார். கூட்டிச் சொன்னால் அவருக்கு உடம்பு அரிக்கும். குறைத்துச் சொன்னாலும் அரிக்கும்.

ஆனால் அடுத்த நாள் விடியற்காலையில் பிளாஸ்க்கில் காபியோடு பின்புறக் கதவைத் தட்டியவரும் அவர்தான். "டீச்சர் சொன்ன ரெண்டாவது ஜோடி கண்ணு நானா இருந்துட்டுப் போறேன். வரச் சொல்லுங்க ஒங்க குருவிய" என்றார். இப்படிப்பட்டவரை வில்லனாக்க முடியுமா? பாத்திரம் கையை விட்டுப் போய்விட்டது.

இருவரும் துவைக்கும் கல்லில் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தார்கள்.

"வரும்" என்றார் பொன்னுரங்கம்.

"வரட்டும்."

"அசையாம ஒக்காரு."

"நான் அசைஞ்சா இன்னா? ஒங்க காதுதான கடை."

முருங்கையில் மஞ்சளாக ஒன்று வந்து உட்கார்ந்தது.

"மாங்குயில்" என்றார் பொன்னுரங்கம்.

"ஒண்ணு."

"பின்னால பாரு, ஒரு கும்பலே வருது."

"ஒண்ணுதான் மாமா."

ஒரு வாரம் இப்படியே போயிற்று. தேன்சிட்டு வந்தது. கொண்டலாத்தி வந்து கொண்டையை விரித்துக் காட்டிவிட்டுப் போனது. பட்டாணிக்குருவி மட்டும் வரவில்லை. மணிமொழி கத்தரிக்கோலோடு வந்து நின்றாள். "அந்த முடிய வெட்டித் தொலைங்க. குருவியும் வராது, என் தம்பிக்கும் நான் தோசை ஊத்திக்கினு நிக்க வேணாம்."

கடைசி நாள் காலை அரங்கநாதன் பிளாஸ்க்கைத் திருகி மூடினார். "இல்ல மாமா" என்றார், மெதுவாக. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

6

கரியாலூர்.

வரிசையில் கடைசியாக நடப்பவருக்கு என்ன தெரியும் என்று எழுதுகிறேன். முன்னால் போகிறவர்களின் குதிகால் தெரியும். செழியனின் கை மேலே போவது தெரியும். அந்தக் கைக்கு நேரே போய்ச் சேர்வதற்குள் பறவை போய்விட்டிருக்கும்; ஆடும் கிளை தெரியும். இலவமரம் இலையில்லாமல் சிவப்பாகப் பூத்து நின்றது. மைனாக்களும் கரிச்சான்களும் ஒரு பூவுக்காக அடித்துக்கொண்டிருந்தன. பொன்னுரங்கத்துக்குக் கை தானாக எழும்பியது. பின்னால் நிற்க யாரும் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டார்.

அரங்கநாதன் மட்டும் அவரோடு கடைசியாக நடந்தார். "அக்கா கேப்பா, மாமாவ தனியா உட்டுட்டியான்னு" என்றார்.

சாமை அறுத்த காட்டைத் தாண்டியதும் அரங்கநாதனுக்கு மூச்சு வாங்கியது. ஒரு பாறையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். அந்தக் குடும்பத்திலும் ஆண்களுக்கு வயதானால் காதில் தோட்டம் போடும். அவருடையது உப்பும் மிளகும் கலந்தது. மற்றவர்கள் வளைவைத் தாண்டி ஒரு மரங்கொத்தியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பொன்னுரங்கம் புதர் மறைவில் ஒதுங்கினார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. "ஆ!"

இந்தக் கதையை எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. வாழ்க்கையில் பார்த்தே ஆக வேண்டிய ஒரு காட்சி நடக்கும்போது பொன்னுரங்கம் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அவர் முள்ளைத் தாண்டி ஓடி வந்தபோது அரங்கநாதன் சிலைபோல உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது. தலைக்கு மேலே ஒரு சின்னப் பறவை மரத்துப் பொந்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. வால் மட்டும் தெரிந்தது.

"இன்னா மச்சான்?"

அரங்கநாதன் வாயை மூடினார். தொப்பியை எடுத்துக் காது வரைக்கும் இழுத்து மாட்டினார்.

"எறும்பு" என்றார்.

"காதுலயா?"

"கட்டெறும்பு. கடிச்சிடுச்சி. நடங்க மாமா, லேட்டாவுது."

மலையிலிருந்து இறங்கும் வரைக்கும் அந்தத் தொப்பியை அவர் கழற்றவில்லை.

7

அதனால்தான் இந்தக் கதைக்கு முடிவு இல்லாமல் போயிற்று. பாதி வாலைப் பார்த்த ஒருவரும் எறும்பு என்று சொன்ன ஒருவரும் சேர்ந்தால் டீச்சர் கணக்கில் இரண்டு ஜோடிக் கண் ஆகாது.

அடுத்த ஞாயிறு ஏரிக்கரை டீக்கடையில் எல்லோரும் கூடினார்கள். இனி நிரந்தரமாகச் செழியன்தான் முன்னால் நடப்பது என்று டீச்சர் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அவர் தம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் டீச்சர்" என்று எழுந்தேன் நான். மன்னிக்கவும், எழுந்தார் பொன்னுரங்கம். "ஒரு கதை எழுதிக்கினு இருக்கறேன். எல்லாம் ஆச்சி, முடிவுதான் அமையல. மூணு வெச்சிருக்கறேன். படிக்கறேன், எது நல்லாருக்குதுன்னு நீங்களே சொல்லுங்க."

மடித்த தாள்களை எடுத்தார். நீங்கள் இதுவரை படித்ததுதான் அந்தத் தாள்கள். எறும்பு வரைக்கும் படித்து முடித்தபோது எல்லோரும் அரங்கநாதனைப் பார்த்தார்கள். அவர் டீயைப் பார்த்தார்.

முதல் முடிவு: 'கட்டெறும்புதான் கடித்தது. பொன்னுரங்கம் மீதிக் காலமெல்லாம் குதிகால்களைப் பார்த்தபடி நடந்து, மாவட்டத்தின் குதிகால் நிபுணர் என்று பெயரெடுத்தார்.'

யாரும் சிரிக்கவில்லை. "இது வேணாம்ணே" என்றான் செழியன். நல்ல பையன்தான்.

இரண்டாம் முடிவு: 'பட்டாணிக்குருவி பாய்ந்து வந்து அரங்கநாதனின் இடது காதைக் கவ்வி, காதோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து அவர் ஒற்றைக் காதோடு'

அரங்கநாதன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தொட்டது வலது காது. பொன்னுரங்கம் கவனித்தார். தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மூன்றாம் முடிவு. இதைப் படிக்கும்போது அவருக்கு முப்பது வருஷத்துப் பேருந்துக் குரல் வந்துவிட்டது: 'ஒரு குருவியல்ல, நாற்பது குருவிகள்! ஆளுக்கொரு முடியைப் பிடித்து அரங்கநாதனை அலாக்காகத் தூக்கின. அருவிக்கு மேலே, காட்டுக்கு மேலே, அவர் அம்மா அம்மா என்று கதறக் கதறப் பறந்துபோய், சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் வேலூர் வண்டி நிற்கும் இடத்தில்'

"நாப்பது இல்ல."

பொன்னுரங்கம் தாளைத் தாழ்த்தினார். பாய்லர் மட்டும் பேசியது.

"இன்னா மச்சான் சொன்ன?"

"நாப்பது இல்லன்னேன்." அரங்கநாதனின் கழுத்து சிவந்துவிட்டது. மேலெல்லாம் அரிப்பதைப்போலத் தோளை அசைத்தார். "இப்டியா எழுதுவாங்க? எவ்ளோ தண்ணி!"

"அப்டின்னா எத்தினி எறும்புன்னு சொல்லு, திருத்திக்கறேன்."

"ஒண்ணு. ஒரே ஒண்ணு. எடது காது இல்ல, வலது. தூக்கலாம் இல்ல. நான் கதறவும் இல்ல, ஆன்னேன், அவ்ளோதான். அதுவும் மொத தடவதான்."

கண்ணகி டீச்சர் முன்னால் குனிந்தார். "மொத தடவையா? அப்ப ரெண்டாவது தடவ வேற இருக்குதா சார்?"

அரங்கநாதன் கருப்புக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாந்தடவ நான் அசையல" என்றார். "வந்து தோள் மேல நின்னுச்சி. இவ்ளோ கிட்ட. கன்னம் வெள்ள வெளேர்னு. ஒரு கண்ணால என்னிய பாத்துச்சி. நான் மூச்சு உடல டீச்சர். உட்டா பறந்துடுமோன்னு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மாமா ஓடியாந்தாரு. சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். பால்ல தண்ணின்னு ஊரயே திருப்பி அனுப்பினவன், நான் போய் இதச் சொன்னா எவன் நம்புவான்? எறும்புன்னுட்டேன்."

"சார்! நீங்களுமா!" என்று செழியன் கத்தினான். பெஞ்சே குலுங்கியது. டீ மாஸ்டர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரங்கநாதனைப் பார்த்து அத்தனை பேரும் சிரித்தார்கள். பொன்னுரங்கம் ஒருவர்தான் சிரிக்கவில்லை. அவர் தன் மச்சானின் அருகில் போய், முழங்கால் இடிக்கும்படி நெருங்கி உட்கார்ந்துகொண்டார்.

"நான் நம்பறேன் மச்சான்" என்றார்.

8

இனி முடிவு உங்கள் பாடு. யார் முன்னால் நடந்தார், டீச்சர் என்ன சொன்னார் என்பதையெல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். செழியன் எழுந்துபோய் வரிசையில் இரண்டாவதாக நின்றுகொண்டதை மட்டும் உங்களுக்கு உதவியாகச் சொல்லிவைக்கிறேன். முதல் இடம் காலியாக இருந்தது. ஏரிக்குமேல் தகைவிலான் குருவிகள் ஆயிரக்கணக்கில்

(சரி, பத்துப் பதினைந்து.)

நான் தர வேண்டியது இன்னும் ஒன்றுதான் இருக்கிறது. கிளம்புவதற்கு முன் கண்ணகி டீச்சர் எல்லோரையும் கையமர்த்தி, "சார், வெளையாட்டு வேணாம். ஒங்க மாமா காதுல நடந்துச்சுன்னு சொன்னது நடக்கக்கூடியதா, இல்லியா? ஒங்க வாயால சொல்லுங்க" என்று கேட்டார். அதற்கு வந்த பதிலைப் பெரிதாக்கி எழுத எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. இடி முழக்கம் வைக்கலாமா என்று யோசித்தேன். ஏரி எழுந்து நின்று கேட்டதாக எழுதலாமா என்று பார்த்தேன். கடைசியில் ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அரங்கநாதன் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்:

"நடந்துச்சு டீச்சர். அவருக்கும் நடந்துச்சு, எனக்கும் நடந்துச்சு."